சிறைப்பட்டோர் பிள்ளைகள்: வார்த்திகன் மகனும் மணிமேகலையும்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன்னர் தமிழாசிரியர் பயிலரங்கு ஒன்றில் நாம் கேட்ட செய்தியே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். நான்காம் ஆண்டு மாணவர்களை 'என் தந்தை' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தார் ஓர் ஆசிரியை. தன் தந்தை கப்பலில் வேலை செய்வதாகவும் திரும்பி வரும்போது வெளிநாட்டுப் பொருள்கள் கொண்டு வருவார் எனவும் ஒரு மாணவன் இரண்டு பக்கம் எழுதியிருந்தான். நடை நன்றாக இருந்ததால் ஆசிரியை அதனை வகுப்பில் உரக்க வாசிக்கச் செய்தார். வாசிப்பு முடியுமுன்பே பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "இவன் அப்பா கப்பல்ல இல்ல டீச்சர், ஜெயில்ல இருக்காரு" என்றது. அதன் பின்னர் அவ்வாண்டு முடியும்வரை அம்மாணவன் தன்னைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. "நான் எங்கே தவறினேன்?" என்று அவ்வாசிரியை பயிலரங்கில் வினவினார். நாம் உட்பட அரங்கில் இருந்த எவரும் விடை கூறவில்லை.

பெற்றோர் சிறைப்பட்ட பிள்ளைகளின் வளர்ச்சி குறித்துக் குற்றவியல், உளவியல், சமூகப்பணி ஆகிய துறைகள் கடந்த சில பதிற்றாண்டுகளில் விரிவாகப் பேசியுள்ளன. தமிழ் இலக்கியத் திறனாய்வில் இப்பொருள் ஒரு தலைப்பாக எழுவது அரிது. எனினும் நம் இலக்கியம் இதனை அறியாதது அன்று. இரட்டைக் காப்பியங்கள் இரண்டிலும் அரசால் தண்டிக்கப்பட்ட தந்தையின் பிள்ளை ஒன்று இடம்பெறுகிறது. சிலப்பதிகாரத்தில் அப்பிள்ளை வார்த்திகனின் மகன். மணிமேகலையில் காப்பியத் தலைவியே அப்பிள்ளை. முதல் நூல் அப்பிள்ளையைப் பற்றி மௌனம் சாதிக்கிறது. இரண்டாம் நூல் அப்பிள்ளைக்கு வேண்டுவன எவை என்பதை நிகழ்ச்சிகளின்வழிக் காட்டுகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குவதும், அந்நோக்கு தமிழ் வகுப்பறைக்குத் தரும் பயனைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பேசப்படாத பிள்ளை

மதுரை எரியுண்ட பின்னர் மதுராபதித் தெய்வம் கண்ணகியின் பின்னே தோன்றிப் பாண்டியர் செங்கோன்மையை எடுத்துரைப்பது கட்டுரை காதையின் பொருள். அவ்வுரையில் வரும் கிளைக்கதைகளுள் ஒன்று வார்த்திகனுடையது. பராசரன் என்னும் அந்தணன் சேரனிடம் பெரும்பொருள் பெற்றுத் திரும்பும் வழியில், பாண்டிய நாட்டுத் திருத்தங்காலில் அரசமர நிழலில் தங்குகிறான். அங்கே விளையாடிக்கொண்டிருந்த அந்தணச் சிறுவர்களை அழைத்து, தன்னோடு ஒப்ப மறையோதுவோர் தன் பொருள் மூட்டையைக் கொள்ளலாம் என்கிறான். வார்த்திகனின் சிறுமகன், மழலை மாறாத நாவினன் ஆயினும், பிழையின்றி ஓதுகிறான். மகிழ்ந்த பராசரன் முத்துப் பூணூலும் கடகமும் தோடும் பிற அணிகளும் அவனுக்கு அளித்துச் செல்கிறான்.

அணிகளைக் கண்ட அரச ஏவலர், அரசுக்குரிய புதையற்பொருளை இவ்வந்தணன் கவர்ந்தான் எனக் கூறி வார்த்திகனைச் சிறையிலிடுகின்றனர். அவன் மனைவி கார்த்திகை அழுது நிலத்தில் புரள்கிறாள். அதுகண்டு கொற்றவை கோயிற் கதவு திறவாதாகிறது. செய்தி அறிந்த மன்னன் வார்த்திகனை விடுவித்துப் பொறுத்தருள வேண்டுகிறான்; திருத்தங்காலையும் வயலூரையும் அவனுக்கு நல்கி, நிலந்தோய வணங்குகிறான். கோயிற் கதவு திறக்கிறது. மேலும், சிறைச்சாலைகளைத் திறந்துவிடவும் இறைக்கடன் பட்டோரின் கடனை நீக்கவும் ஆணையிடுகிறான். ஒருவர்க்குக் கொடுக்கப்பட்ட பொருளும் அவர் கண்டெடுத்த பொருளும் அவர்க்கே உரியன என்று முறை வகுக்கிறான்.

நீதி தவறியதும் அது திருத்தப்பட்டதும் இத்துணைச் சுருக்கமாகவும் முழுமையாகவும் கூறப்பட்ட பகுதிகள் தமிழில் மிகச் சிலவே எனலாம். தந்தைக்கு விடுதலையும் நிலமும் கிட்டுகின்றன. தாயின் துயரைத் தெய்வமே ஏற்கிறது. மன்னனின் பழி நீங்குகிறது. சட்டமும் திருந்துகிறது. ஆனால், மறையோதி அணிபெற்ற அச்சிறுவன், தந்தை சிறைக்குச் சென்ற கணம் முதல் கதையிலிருந்து மறைந்துவிடுகிறான். தன் கழுத்தணியே தந்தையின் காலுக்கு விலங்காயிற்று என்பதை அவனுக்கு எவர் சொன்னார்? அவன் என்ன எண்ணினான்? கதவு திறந்த பின்னர் அவன் மீண்டும் பிறர் முன் வாய் திறந்து ஓதினானா? இவ்வினாக்களுக்கு நூலில் இடமில்லை.

இதனை இளங்கோவடிகளின் குறையாக நாம் கூறவில்லை. இக்கிளைக்கதையின் பணி பாண்டியர் நீதியை நிறுவுவது. அப்பணிக்குச் சிறுவன் ஒரு காரணம் மட்டுமே. எனினும் இந்த அமைப்பு நமக்கு நன்கு அறிமுகமானது. சிறைத்தண்டனை பற்றிய இன்றைய விவாதங்களிலும் குற்றம் செய்தவர், குற்றத்துக்கு ஆளானவர், நீதிமன்றம், சட்டம் ஆகிய தரப்புகள் பேசப்படுகின்றன. பிள்ளை அவற்றுள் ஒரு தரப்பாக எண்ணப்படுவதில்லை.

சிறுபிள்ளைகள் குடும்பத்தில் நேரும் பிரிவுக்குத் தம்மையே காரணமாக எண்ணிக்கொள்வதுண்டு என்பது குழந்தை உளவியலில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. வார்த்திகன் மகனோ உண்மையிலேயே அந்நிகழ்ச்சிக்குக் காரணமானவன், ஆயின் குற்றமற்றவன். காரணம் வேறு, குற்றம் வேறு என்று அச்சிறுவனிடம் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். கதைக்குள் அவ்வாறு ஒருவர் இல்லை.

சிறைப்பட்ட பெற்றோரின் துயரைத் தமிழ் பாடாமல் இல்லை. குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியின் ஏழாம் திருமொழியைத் தேவகியின் புலம்பலாக அமைத்துள்ளார். கம்சனின் காவலில் மகனை ஈன்று உடனே பிரிந்த தாய், தாலாட்டவும் தளர்நடை காணவும் தனக்கு வாய்க்காமல் அவையெல்லாம் யசோதைக்கு வாய்த்ததை எண்ணி ஏங்குகிறாள். வளர்ப்பின் ஒவ்வொரு பருவத்தையும் இழப்பாகக் கணக்கிடும் அப்பாசுரங்கள் பெற்றோர் பக்கத்து வேதனையின் உச்சம். எனினும் அங்கும் பேசுபவள் தாயே. பிள்ளையின் பக்கத்தைக் காண நாம் மணிமேகலைக்குத்தான் செல்ல வேண்டும்.

2. செய்தி எட்டிய விதம்

மணிமேகலையைத் துறவின் காப்பியமாகவும் பௌத்தத் தருக்க நூலாகவும் பசிப்பிணி தீர்த்தலைப் பாடும் நூலாகவும் ஆய்வாளர் பலர் விளக்கியுள்ளனர். அவ்விளக்கங்களை நாம் மறுக்கவில்லை. ஆயின், அவற்றின் அடியில் ஒரு எளிய உண்மை உள்ளது. மணிமேகலை, திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டு அரசாணையால் கொல்லப்பட்ட ஒருவனின் மகள். காப்பியத்தின் முதல் அசைவே இவ்வுண்மை அவள் செவியில் விழுவதிலிருந்துதான் தொடங்குகிறது.

மலர்வனம் புக்க காதையின் தொடக்கத்தில், மாதவி தன் தோழி வயந்தமாலையிடம் தன் துயரைக் கூறிக்கொண்டிருக்கிறாள். அருகே மாலை தொடுத்துக்கொண்டிருக்கும் மணிமேகலை, தந்தையும் கண்ணகித் தாயும் உற்ற கொடுந்துயரைக் கேட்கிறாள். அவள் கண்ணீர் மாலையின்மேல் விழுகிறது. மாதவி தன் கையால் மகளின் கண்ணீரைத் துடைத்து, கண்ணீர் பட்ட மாலை தூய்மை இழந்தது. புதுமலர் நீயே சென்று கொணர்க என்கிறாள்.

இக்காட்சியில் மூன்று செய்திகள் நோக்கத்தக்கன. முதலாவது, அச்செய்தி மகளிடம் நேராகச் சொல்லப்படவில்லை; பெரியவர் இருவர் பேசிக்கொண்டதை அவள் கேட்க நேர்ந்தது. தந்தை வெளிநாட்டில் வேலை செய்கிறார், மருத்துவமனையில் இருக்கிறார் என்றெல்லாம் கூறப்பட்டு வளரும் பிள்ளைகள் உண்மையை அறிவதும் பெரும்பாலும் இவ்வாறே. அல்லது நாம் முன்னுரையில் கண்டதுபோல் பின்வரிசைக் குரலொன்றின் வழியே. இரண்டாவது, உண்மை வெளிப்பட்டபோது மாதவி அதை மறுக்கவில்லை. நீ கேட்டது வேறு கதை என்று மழுப்பவும் இல்லை. கண்ணீரைத் துடைக்கிறாள், அதாவது, அழுகைக்குக் காரணம் உண்டு என்பதை ஏற்கிறாள். மூன்றாவது, உடனே மகளுக்கு ஒரு செயலைத் தருகிறாள். பழுதான மாலைக்கு மாற்றாகப் புதுமலர் கொய்து வரும் அச்செயல் சிறியதுதான். ஆனால் அது அவளால் இயன்றது.

அமெரிக்கக் குடும்ப உளவியலாளர் பாலின் பாஸ் 1999இல் வெளியிட்ட நூலில் 'தெளிவற்ற இழப்பு' என்னும் கருத்தை விளக்கினார். இறந்தவருக்குச் சடங்கு உண்டு. துக்கம் கேட்க வருவோர் உண்டு. உயிரோடிருந்தும் உடன் இல்லாதவரை இழந்த குடும்பத்துக்கு அவ்விரண்டும் இல்லை. சிறைப்பட்டோர் குடும்பங்களைப் பற்றி எழுதுவோர் இக்கருத்தைப் பின்னர் எடுத்தாண்டனர். இலண்டன் தெற்குப் பகுதியைச் சேர்ந்த 411 சிறுவர்களை நெடுங்காலம் தொடர்ந்து நோக்கிய கேம்பிரிட்ஜ் ஆய்வின் தரவுகளைக் கொண்டு, ஜோசப் மரேயும் டேவிட் ஃபாரிங்டனும் 2005இல் ஒரு முடிவை வெளியிட்டனர். நோய், இறப்பு முதலிய காரணங்களால் பெற்றோரைப் பிரிந்த சிறுவர்களைவிட, பெற்றோர் சிறைப்பட்டதால் பிரிந்த சிறுவர்களிடம் பிற்கால நடத்தைச் சிக்கல்கள் மிகுதி என்பதே அது. பிரிவு மட்டுமன்று, பிரிவின் காரணமும் பிள்ளையைத் தாக்குகிறது. அக்காரணம் மறைக்கப்படும்போது பிள்ளை அதனைத் தனியே சுமக்கிறது.

3. பெயரும் பழியும்

மணிமேகலை என்னும் பெயர் தந்தை இட்டது. தன் முன்னோன் ஒருவனைக் கடலிலிருந்து காத்த தெய்வத்தின் பெயரைக் கோவலன் மகளுக்கு இட்டு, பொன் வழங்கி விழாக் கொண்டாடியதைச் சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் மாடலன் நினைவுகூர்கிறான். தந்தையின் செல்வம் அழிந்தது, உயிர் போயிற்று, அவன் இட்ட பெயர் மட்டும் மகளிடம் எஞ்சியது. அப்பெயருக்குரிய தெய்வமே பின்னர் அவளை இடரிலிருந்து எடுத்து மணிபல்லவத்தில் சேர்க்கிறது. தண்டிக்கப்பட்ட தந்தையும் தன் பிள்ளைக்குக் காப்பாக நிற்கும் ஒன்றை விட்டுச் செல்ல இயலும் என்பதைக் காப்பியம் இதனால் உணர்த்துகிறது எனக் கொள்ளலாம்.

ஊரலர் உரைத்த காதையில் இப்பெயருக்கு மேலும் ஒரு பொருள் சேர்கிறது. மாதவி இந்திர விழாவுக்கு ஆட வாராமையால் ஊரார் தூற்றுகின்றனர். அப்பழிச்சொல்லுக்கு விடையாக மாதவி தன் மகளைக் கண்ணகியின் மகள் என்கிறாள். கள்வன் எனக் கொல்லப்பட்டவனின் மகள் என்றோ கணிகையின் மகள் என்றோ ஊர் சொல்லக்கூடும். தாய் அவ்விரண்டையும் விலக்கி, அநீதியை எதிர்த்து வழக்குரைத்தவளின் மகள் என்று பெயரிடுகிறாள். இது பொய்யன்று, அதே நிகழ்ச்சியின் மற்றொரு முனையைப் பிடித்து மகளை நிற்கச் செய்வது.

ஆபுத்திரன் கதை இதற்கு மறுதலையாக அமைகிறது. தாய் சாலி நெறி தவறியவள். ஈன்ற மகவை வழியில் இட்டுச் சென்றவள். பசுவொன்று பாலூட்டிய அம்மகவை இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து வளர்க்கிறான். வேள்விப் பசுவை மீட்கச் சிறுவன் முனைந்தபோது அவன் பிறப்பு வெளிப்படுத்தப்படுகிறது. தாயின் தவறு மகனின் இழிவாக அவையில் உரைக்கப்படுகிறது. அவன் நகைத்து, முனிவர் பலரின் பிறப்பை எடுத்துக்காட்டி எதிருரைக்கிறான். ஆயினும் வளர்த்த தந்தையும் அவனை விலக்குகிறான். அவன் மதுரையில் இரந்து, குருடரும் செவிடரும் முடவரும் உண்ட பின்னர் எஞ்சியதை உண்டு வாழ்கிறான். அவனுக்கே சிந்தாதேவி அமுதசுரபியை அளிக்கிறாள். பெற்றவளின் பிழைக்காகத் தூற்றப்பட்ட ஒரு சிறுவனின் கையில் முதலில் இருந்த பாத்திரமே பின்னர் மணிமேகலையின் கைக்கு வருகிறது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

பெயரின் வலிமையை இன்றைய சட்டமும் அறிந்துள்ளது. இந்திய உச்ச நீதிமன்றம் உபாத்தியாய் எதிர் ஆந்திரப் பிரதேச அரசு என்னும் வழக்கில் 2006இல் வழங்கிய தீர்ப்பில், சிறையில் பிறந்த குழந்தையின் பிறப்பிடமாகச் சிறையைப் பதிவு செய்யலாகாது, அப்பகுதியின் முகவரியையே குறிக்க வேண்டும் என நெறிப்படுத்தியது. தாயுடன் சிறையில் இருக்கும் குழந்தைகளைக் கைதிகளாக நடத்தலாகாது என்று ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 2010இல் ஏற்ற பாங்காக் விதிகள் கூறுகின்றன. ஒரு குழந்தையின் பெயருக்கு முன்னே சிறை என்னும் சொல் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும் முயற்சிகளே இவை.

சிறை எல்லார்க்கும் பழி தருவதன்று என்பதையும் கூற வேண்டும். ஜவகர்லால் நேரு 1930 முதல் 1933 வரை சிறைகளிலிருந்து மகள் இந்திராவுக்கு எழுதிய 196 கடிதங்கள் உலக வரலாற்று நூலாயின. அம்மகள் தந்தை இருக்கும் இடத்தைத் தலைநிமிர்ந்து கூற முடிந்தது. தந்தையின் குரலும் அவளை எட்டியது. குற்றத்துக்காகச் சிறைப்பட்டோரின் பிள்ளைகளுக்கு இவ்விரண்டும் எளிதில் கிட்டுவதில்லை. இரு பிள்ளைகளும் இழந்தது தந்தையின் அருகாமையையே. அவ்விழப்பைச் சொல்லிக்கொள்ள ஒருத்திக்குக் கதை இருந்தது, மற்றவருக்கு இல்லை.

4. கேட்கும் உரிமை

மணிமேகலை வஞ்சி நகரம் சேர்ந்து, கண்ணகியும் கோவலனும் படிமங்களாக நிற்கும் கோயிலை அடைகிறாள். தொழுவதோடு அவள் நின்றுவிடவில்லை. கணவனை இழந்தபின் நீ ஏன் இவ்வாறு செய்தாய், உன் கடனை இவ்வழியில் ஏன் முடித்தாய், எனக்கு விளக்கியருள வேண்டும் என்று கண்ணகியிடம் அழுதுகொண்டே வினவுகிறாள். கண்ணகிப் படிமம் விடை கூறுகிறது. முற்பிறப்பில் சங்கமன் என்னும் வணிகன் கொல்லப்பட்டதும் அவன் மனைவி நீலி இட்ட சாபமும் அவ்விடையில் அடங்கும். தன் சினத்தின் விளைவும் தன்னைத் தொடரும் என்பதைக் கண்ணகி மறைக்காமல் ஒப்புகிறாள்.

ஊழ்வினை விளக்கத்தை இன்றைய வாசகர் ஏற்கலாம்; ஏற்காமலும் விடலாம். நாம் வலியுறுத்த விரும்புவது காட்சியின் அமைப்பை. பிள்ளை பெற்றோரின் முன் நேரில் நிற்கிறாள். அவர்கள் செய்ததைப் பற்றி அவர்களையே கேட்கிறாள். பெற்றோர் தம் செயலை மறைக்காமலும் நியாயப்படுத்தாமலும் பேசுகின்றனர். ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கை 1989இல் ஏற்கப்பட்டது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1995இல் அதில் இணைந்தன. பெற்றோரைப் பிரிந்த பிள்ளை, தன் நலனுக்கு ஊறு நேராதவரை, அவர்களோடு தொடர்பு கொண்டிருக்க உரிமை உடையது என அதன் ஒன்பதாம் பிரிவு கூறுகிறது. காவல், சிறை முதலியவற்றால் அரசே பிரிவை உண்டாக்கியபோது, பெற்றோர் இருக்குமிடத்தைப் பற்றிய செய்தியைக் குடும்பத்தார்க்கு அளிக்கவேண்டும் என்பதும் அப்பிரிவில் அடங்கும். சந்திப்பு என்பது கைதிக்கு வழங்கும் சலுகை என்றே பெரும்பாலும் எண்ணப்படுகிறது. மணிமேகலை வஞ்சியில் நின்ற காட்சியோ சந்திப்பைப் பிள்ளையின் தேவையாகக் காட்டுகிறது.

வஞ்சியில் அவள் தந்தைவழிப் பாட்டனையும் காண்கிறாள். மகனை இழந்தபின் துறவு பூண்ட மாசாத்துவான், குடியின் முன்னோர் செய்த அறத்தை அவளுக்குக் கூறி, அறவண அடிகள் காஞ்சிக்குச் சென்றிருப்பதையும் அறிவிக்கிறான். குடும்பத்தின் வரலாறு ஒரு தண்டனையோடு தொடங்கவுமில்லை, அதனோடு முடியவுமில்லை என்பதை ஒரு பாட்டன் வாயிலாகவே ஒரு பிள்ளை அறிய முடியும். பெற்றோர் சிறைப்பட்ட பிள்ளைகளைத் தாத்தா பாட்டியர் வளர்க்கும் இல்லங்கள் நம் சூழலிலும் உள்ளன. அவர்களின் பணி உணவும் உறையுளும் தருவதோடு முடிவதன்று.

இவ்வாறு நோக்கினால் மணிமேகலையைச் சூழ நின்றோர் பலர் என்பது புலனாகும். உடன் செல்லும் சுதமதி, வழிகாட்டும் அறவண அடிகள், பாத்திரம் பெற வழிவகுத்த தீவதிலகை, காக்கும் தெய்வம், இறுதியில் பாட்டன் என ஒரு வட்டமே அவளைத் தாங்குகிறது. வார்த்திகன் மகனுக்கு அத்தகைய வட்டம் காட்டப்படவில்லை.

5. சிறையுள் புகுந்த மகள்

சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை பலரால் பாராட்டப்பட்ட பகுதி. காயசண்டிகையின் உருவில் இருக்கும் மணிமேகலை சிறைக்குள் சென்று, பசியால் வாடும் கைதிகளுக்கு அமுதசுரபியால் உணவளிக்கிறாள். ஒரே பாத்திரத்தால் அனைவர்க்கும் ஊட்டும் வியப்பைக் காவலர் வாயிலாக அறிந்த சோழ மன்னன், உனக்கு யான் செய்ய வேண்டுவது யாது என்கிறான். சிறைக்கோட்டத்தை அறவோர் வாழும் கோட்டமாக ஆக்குக என அவள் வேண்ட, மன்னன் அவ்வாறே செய்கிறான். சிறை இருந்த இடத்தில் கோயிலும் பள்ளியும் அட்டிற்சாலையும் உண்போர் சாலையும் எழுகின்றன.

இப்பகுதியைச் சீர்திருத்தக் கருத்தாகவோ பௌத்த அருளறமாகவோ விளக்குவது மரபு. அரச நீதியால் தந்தையை இழந்த ஒருத்தி, அரசன் வரம் கேள் என்று சொன்ன கணத்தில் எதனைக் கேட்டாள் என்று இங்கு நோக்குகிறோம். பழிக்குப் பழி கேட்கவில்லை. தந்தையின் பெயரைத் துடைக்கவும் கேட்கவில்லை. பிற தந்தையர் கிடக்கும் இடம் மாற வேண்டும் என்று கேட்டாள். கண்ணகி அநீதியின் முன் நகரை எரித்தாள். மகள் அதே அநீதியின் நினைவோடு சிறையில் சோறிட்டாள். தலைமுறை ஒன்றில் துயரம் எவ்வாறு உருமாறக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பின்னர் அவளே குற்றமின்றிச் சிறையிலிடப்படுவதும், சிறைவிடு காதையில் அரசி வஞ்ச நெஞ்சோடு அவளை வெளிக்கொணர்வதும் இவ்வாசிப்புக்கு மேலும் கனம் சேர்க்கின்றன.

சிறைப்பட்டோர் பிள்ளைகள் தாமும் சிறைக்கே செல்வர் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. மரே, ஃபாரிங்டன், செகோல் ஆகியோர் 40 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியிட்ட முடிவு இவ்வெண்ணத்தைச் செப்பமாக்க உதவுகிறது. பெற்றோர் சிறைப்பட்டமைக்கும் பிள்ளைகளின் சமூக விரோத நடத்தைக்கும் தொடர்பு காணப்பட்டது. ஆனால் மனநலச் சிக்கல், போதைப்பொருள் பழக்கம், கல்வி அடைவு ஆகியவற்றில் அத்தகைய தொடர்பு உறுதிப்படவில்லை. இடர் மிகுதி என்பதும் விதி என்பதும் ஒன்றல்ல. ஊழைப் பெரிதும் பேசும் ஒரு காப்பியமே தன் தலைவியைத் தந்தையின் முடிவுக்கு அப்பால் நடத்திச் செல்கிறது என்பதை ஈண்டு நினைவுகூரலாம்.

6. எழக்கூடிய மறுப்புகள்

இவ்வாசிப்புக்கு மூன்று மறுப்புகள் எழலாம். கொலைத்தண்டனையும் சிறையும் வேறு என்பது முதலாவது. உண்மையே. கோவலன் திரும்பி வரப்போவதில்லை. சிறைப்பட்ட தந்தை ஒருநாள் திரும்புவார். திரும்புதலின் சிக்கல்களைப் பற்றி மணிமேகலையில் நாம் எதுவும் கற்க இயலாது. நாம் ஒப்பிடுவது அரசின் தண்டனை பிள்ளைமேல் இடும் நிழலை மட்டுமே.

கோவலனும் வார்த்திகனும் குற்றமற்றவர். குற்றம் செய்தோரின் பிள்ளைகளுக்கு இக்கதைகள் பொருந்துமா என்பது இரண்டாவது. இதுவே வலிய மறுப்பு. தந்தை நிரபராதி என்றால் பிள்ளையின் மீட்சி எளிது. போதைப்பொருள் விற்றவர், பிறரைத் தாக்கியவர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு அந்த ஆறுதல் இல்லை. இதற்கு விடை ஆபுத்திரன் கதையில் உள்ளது. சாலி தவறியவள் என்பதை நூல் மறைக்கவில்லை. அத்தவறு மகனைச் சாராது என்பதையே நிறுவுகிறது. சிறையில் உணவிட்ட மணிமேகலையும் எவரையும் நீ குற்றவாளியா என வினவவில்லை.

மணிமேகலையின் முடிவு துறவு. அது பிள்ளைகளுக்கு வழியாகுமா என்பது மூன்றாவது. ஆகாது. துறவை அன்று, அதற்கு முன்னர் அவள் பெற்றவற்றையே நாம் எடுத்துக்கொள்கிறோம். அவை உண்மை, பெயர், சூழ நிற்போர், கேட்கும் வாய்ப்பு, பிறர்க்கு உதவும் செயல் ஆகிய ஐந்து.

7. தமிழ் வகுப்பறை

நம் தமிழ்ப்பள்ளிகளில் அறநூல்களே மொழிப்பாடத்தின் உயிர்நாடி. அவற்றுள் பெற்றோரைப் பற்றியவை மிகுதி. கொன்றைவேந்தனின் முதலடி பெற்றோரைத் தெய்வமாகக் காட்டுகிறது. மக்கட்பேறு அதிகாரம் மகனை அவையில் முந்தியிருக்கச் செய்வதைத் தந்தையின் கடனாக்குகிறது; இவன் தந்தை என்ன நோன்பு நோற்றானோ எனப் பிறர் வியக்கச் செய்வதை மகனின் கைம்மாறாக்குகிறது. தந்தை சிறையிலிருக்கும் மாணவன் இவற்றைக் கேட்கும்போது எதனைக் கேட்கிறான் என்பதை ஆசிரியர் எண்ண வேண்டும். இப்பாடல்களை விலக்க வேண்டும் என நாம் கூறவில்லை. பொருள் கூறும் முறையிலேயே பொறுப்பு உள்ளது.

இதற்கு 114ஆம் குறள் தக்க சான்று. தகுதி உடையோர், இல்லோர் என்பதை அவரவர் 'எச்சம்' காட்டும் என்பது அதன் கருத்து. பரிமேலழகர் எச்சம் என்பதற்கு மக்கள் எனப் பொருள் கொண்டார். மு. வரதராசனார் ஒருவர்க்குப் பின் எஞ்சி நிற்கும் புகழும் பழியும் என உரைத்தார். முதல் உரையின்படி, பிள்ளையே பெற்றோரின் தகுதிக்கு அளவுகோலாகிறது. பிள்ளையைக் கண்டு பெற்றோரை மதிப்பிடும் பழக்கம், பெற்றோரைக் கண்டு பிள்ளையை மதிப்பிடும் பழக்கமாகத் திரும்பிவிடுவது எளிது. இரண்டாம் உரையோ ஒருவர் செயலின் விளைவை அவர் பெயரோடு நிறுத்துகிறது. பல்கலைக்கழக வகுப்பில் இரண்டையும் ஒப்பிட்டுக் கற்பிப்பது நம் கடமை. பத்து அகவை மாணவர் முன் எதனைக் கூறுவது என்பதை ஆசிரியரின் அருளுணர்வு தெரிந்தெடுக்க வேண்டும். அக்குறள் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைக்கப்பட்டுள்ளது என்பதும் கருதத்தக்கது.

கட்டுரைத் தலைப்புகளும் இவ்வாறே. 'என் தந்தை' என்பதோடு 'என்னை வளர்ப்பவர்' என்பதையும் தேர்வுக்கு வைத்தால், கப்பல் ஒன்றைக் கற்பனை செய்ய வேண்டிய நெருக்கடி ஒரு மாணவனுக்கு நேராது. அமெரிக்காவில் செசமி தெரு நிகழ்ச்சியின் படைப்பாளர்கள் 2013இல் தந்தை சிறையிலுள்ள அலெக்ஸ் என்னும் பொம்மைச் சிறுவனை உருவாக்கினர். தன்னைப் போல் மற்றொருவன் உண்டு என்று ஒரு பிள்ளை அறிவதற்கான ஏற்பாடு அது. சிங்கப்பூரில் 2004இல் தொடங்கிய மஞ்சள் நாடாத் திட்டம், விடுதலையானோரைச் சமூகம் ஏற்க வேண்டும் என்னும் எண்ணத்தைப் பரப்பியது. நம் சிறுவர் இலக்கியப் படைப்பாளர்களுக்கு அயல்நாட்டு முன்மாதிரி மட்டும் போதும் என்பதில்லை. மாலை தொடுத்துக்கொண்டிருந்தபோது தந்தையின் கதையைக் கேட்டு அழுத ஒரு சிறுமி நம் மரபிலேயே இருக்கிறாள். இளம் மாணவர்க்கு ஏற்ற வடிவில் அவளை மீண்டும் எழுதுவது பயனுள்ள பணியாகும்.

முடிவுரை

சிலப்பதிகாரம் தந்தைக்கு நீதி வழங்கி, தாயின் கண்ணீரை மதித்து, சட்டத்தையும் திருத்தியது, பிள்ளையை மறந்தது. மணிமேகலை அம்மறதியை ஈடு செய்கிறது. அதில் பிள்ளை உண்மையை அறிகிறாள், அழுகிறாள், பழி நீக்கும் பெயரொன்றைப் பெறுகிறாள், பெற்றோரைக் கேட்கிறாள், பிறர்க்கு உணவளிக்கிறாள். இவ்விரு காப்பியங்களையும் இரட்டையர் என்று வழங்குவதற்கு இதனையும் ஒரு காரணமாகச் சேர்க்கலாம் எனத் தோன்றுகிறது.

பயிலரங்கில் அவ்வாசிரியை எழுப்பிய வினாவுக்கு இப்போது ஒரு விடை கூற முயல்கிறோம். மாணவனின் கப்பல் பொய் என்பது வெளிப்பட்டமை பெருந்தவறு அன்று. அது என்றேனும் வெளிப்படக்கூடியதே. அந்தக் கணத்தில் வகுப்பறையில் மாதவி செய்ததைச் செய்ய ஒருவர் வேண்டியிருந்தது. கண்ணீரைத் துடைத்து, பழுதான மாலையைப் பற்றி மேலும் பேசாமல், புதுமலர் கொய்து வா என்று அடுத்த வேலையை அவன் கையில் தந்திருந்தால், அவன் தன்னைப் பற்றி மீண்டும் எழுதியிருப்பான் என்றே நாம் நம்புகிறோம்.